இடப்பக்கம் சாயும் குரல்

அக்கா,

மணி ஒன்று பத்து. நீ இப்போது வார்டில் நைட் டியூட்டியில் இருப்பாய். போனில் பேசினால் முதல் வார்த்தையிலேயே அழுதுவிடுவேன், நீ பதறிப்போய் அப்பாவைக் கூப்பிடுவாய். அதனால்தான் மெசேஜாக எழுதுகிறேன். கடைசி வரி வரை படிக்காமல் யாருக்கும் போன் போடாதே. என் மேல் சத்தியம்.

என் வலது காது கேட்கவில்லை.

எழுதிவிட்டேன். ஐந்து சனிக்கிழமையாக இந்த நாலு வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. முழுச் செவிடு இல்லை. ஈரப் பஞ்சை உருட்டி உள்ளே அடைத்த மாதிரி இருக்கிறது. பஞ்சுக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் விசில் அடிக்கிறார்கள். அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. காலையில் எட்டு மணிக்குக் கொத்தனார் வருகிறார். அவர் வருவதற்குள் நான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான் இப்போது உன் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ வேலைக்குப் போன மாதமே அப்பா இதைப் பாட்டு அறை ஆக்கினார் என்று உனக்குத் தெரியும். ஆனால் வீடியோவில் நீ பார்த்தது பாதிதான். ஜன்னலைச் செங்கல் வைத்து மூடியாகிவிட்டது. கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு, நடுவில் ஒரு சாண் இடைவெளி, இரண்டிலும் மெத்தைத் துணி. உள்ளே நின்று கத்தினால் கூடத்தில் டி.வி. பார்க்கும் அம்மாவுக்குக் கேட்காது. எனக்குத் தெரியும், கத்திப் பார்த்திருக்கிறேன். இடது சுவரின் உச்சியில் ஒரு காற்றுத் துளை இருக்கிறது, நீ எட்டுக்கால் பூச்சிக்குப் பயந்து துணி அடைத்து வைப்பாயே, அதுதான் இப்போது இந்த அறைக்கு இருக்கிற ஒரே மூக்கு.

உன் கட்டில் இருந்த இடத்தில் இரண்டு ஹார்ன் ஸ்பீக்கர் நிற்கின்றன. ஒவ்வொன்றும் என் உயரம். மற்ற ஸ்பீக்கர் மாதிரி தட்டையாக இருக்காது. சின்னத் தொண்டையில் ஆரம்பித்து, வளைந்து விரிந்து, கொட்டாவி விடுகிற வாய் மாதிரி மரத்தில் முடியும். பதினோரு மாதம் ஒட்டுப்பலகையை வளைத்து ஒட்டி அப்பாவே செய்தது. உள்ளே ஒட்டும் கம்பளித் துணியைத் தைத்துக் கொடுத்தது அம்மா. தைத்துக்கொண்டே, "கட்சிக் கூட்டத்துக்கு வாடகைக்கு விட்டா அரிசிக்காவது ஆகும்" என்றாள். அப்பா, "விடலாம். நீதான் பேச்சாளர்" என்றார்.

இரண்டு வாய்க்கும் எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதன் நாலு காலும் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் நாலு வட்டம் போட்டிருக்கிறார். கூரையிலிருந்து இரண்டு நூல் தொங்குகிறது, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நட்டு. உட்கார்ந்தால் என் இரண்டு காதும் அந்த இரண்டு நட்டுக்கும் நேராக இருக்க வேண்டும். ஒரு விரல் நகர்ந்தாலும் நட்டு ஆடும், அப்பா பார்த்துவிடுவார்.

அப்பா வாரம் முழுக்க லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் என்னை உள்ளே உட்கார வைக்கிறார்.

அவரைத் திட்டாதே. எனக்கும் அது பிடித்திருந்தது. லிஃப்ட் மோட்டார் அறைகளிலேயே இருபது வருஷம் நின்றதில் அவருக்கு இரண்டு காதிலும் மெல்லிய சத்தம் போய்விட்டது. "கொசு என் காதுக்குள்ள கச்சேரியே வச்சாலும் நான் தூங்குவேன்" என்பார். அதனால் அவருக்கு என் காது வேண்டும். தெருமுனையில் அவர் ஸ்கூட்டர் திரும்பும்போதே நான் சொல்லிவிடுவேன் இல்லையா, அதிலிருந்து எனக்குப் பாம்புக்காது என்று பெயர். இப்போது அதுவும் சுருங்கி வெறும் பாம்பு. "பாம்பு, வந்து உக்காரு" என்பார். நீ போன பிறகு அவர் என்னிடம் வாரம் முழுக்கப் பேசுவது சாப்பிட்டியா, படிச்சியா, இரண்டே வார்த்தை. சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் பேசுவார். ஹார்னை ஒரு விரல் முன்னால் இழுத்தால் என்ன ஆகும், முகத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினால் என்ன ஆகும், அடியில் ஆப்பு வைத்தால் என்ன ஆகும். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் பார்க்கிற பையன் மாதிரி.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ரெக்கார்டில் பாடுகிற பெண் எங்கே நிற்கிறாள்? இரண்டு ஹார்னுக்கும் நடுவே வெறும் சுவர். எல்லாம் சரியாக இருந்தால் அந்த வெறும் சுவருக்கு முன்னால் அவள் நிற்பாள். உதடு பிரிகிற சத்தம் கூட அங்கிருந்து வரும். முதல் தடவை அவள் அப்படி வந்து நின்றபோது எனக்குக் கை மயிர் எழுந்தது. "வந்துட்டாங்கப்பா" என்றேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்தவங்களுக்குத் தண்ணி கொடு" என்றார்.

இனி அந்த வியாழக்கிழமை.

வலது ஹார்னின் தொண்டைக்குள் ஏதோ திருகாணி தளர்ந்து கரகரவென்று ஒரு சத்தம். எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அதற்கு வீட்டில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மேலே இருக்கிற ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும், அப்போது வேறு யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட முடியாது. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் ஒரே ஒரு நாள் அதை மறந்தார், இரண்டு விரல் போனது. அதே சட்டம்தான் இங்கேயும். ஹார்னுக்குள் தலை விடுகிறவர் ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் அறைக்குள் இல்லை. அதன் உறுமல் பாட்டைக் கெடுக்கிறது என்று கதவுக்கு வெளியே அலமாரியில் வைத்திருக்கிறார், ஒயர் மட்டும் சுவர் வழியாக உள்ளே வரும். நான் ஃபியூஸைப் பிடுங்கினேன். அது சத்தியம், அக்கா. பிடுங்கினேன். ஆனால் அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையில் பை இல்லை. அம்மா தைக்கிற எந்தச் சட்டையிலும் எனக்குப் பை கிடையாது. அதனால் ஆம்ப்ளிஃபயர் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். மரத்தை விரலால் தட்டித் தட்டிக் கேட்க வேண்டும், அம்மாவின் மிக்ஸி சத்தம் தொந்தரவாக இருந்தது, இரண்டு கதவையும் சாத்தினேன். மண்டி போட்டு வலது காதைத் தொண்டைப் பக்கம் வைத்தேன்.

அதே நேரம் அப்பாவுக்கு ஒரு போன். எங்கேயோ ஒரு பெண் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். கதவைச் சாத்தும்போது அவர் குரல் கேட்டது, நமக்கு மனப்பாடமான அதே குரல். "நான் பேசறேன்மா. பயப்படாதீங்க. காத்து வந்துகிட்டுதான் இருக்கு. கதவைத் தள்ளாதீங்க. கீழே உக்காருங்க. நான் கிளம்பிட்டேன்."

பேசிக்கொண்டே வந்தவர், ஃபியூஸ் வெளியே இருப்பதைப் பார்த்து, நான் வேலையை முடித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். கிளம்புகிற அவசரத்தில், ஒழுங்காக இருக்கட்டும் என்று எடுத்துச் சொருகினார். சத்தம் திருகும் குமிழ் பாதிக்கு மேல் இருந்தது.

டொம் என்று ஒன்று. அது சத்தமாகவே தெரியவில்லை. யாரோ பென்சிலைக் காதுக்குள் விட்டுக் குத்தின மாதிரி இருந்தது.

வெளியே இருந்து கதவைத் திறந்து, "சரியாச்சா பாம்பு?" என்றார். நான் ஹார்னுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். "சரியாச்சுப்பா" என்றேன். அவர் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் எனக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கேட்டது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஃபியூஸைப் பையில் போடாதது நான். சட்டத்தை மீறியது நான். இன்னொன்று, சொன்னால் அவர் தன்னையே அடித்துக்கொள்வார். அந்த இரண்டு விரல் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்கிறாய். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சளி பிடித்தால் அடைக்கிற மாதிரிதானே என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. உட்கார்ந்தேன். பாட்டைப் போட்டார். அந்தப் பெண் நடுவில் இல்லை. இடது ஹார்ன் பக்கம் ஒதுங்கி நின்று பாடினாள்.

"எங்க இருக்காங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. பழக்கதோஷத்தில், "இடது பக்கம் சாயுறாங்கப்பா" என்றேன்.

அவ்வளவுதான், அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. வலது ஹார்னை இரண்டு விரல் முன்னால் இழுத்தார், அது நின்ற இடத்தில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார். அடுத்த வாரம் பஞ்சு இன்னும் இறுகியிருந்தது. அவள் மறுபடி இடது பக்கம். மறுபடி இழுத்தார், மறுபடி டேப். ஒயரை இடம் வலம் மாற்றிப் போட்டார். அப்போதும் இடது. இரண்டு ஹார்னையும் தூக்கி இடம் மாற்றினார், இடுப்பு பிடித்துக்கொண்டது, அப்போதும் இடது. "ஒயர் இல்ல, ஹார்ன் இல்ல. அப்போ அறைதான் எங்கயோ பொய் சொல்லுது" என்றார். வீட்டில் இருந்த கம்பளியையெல்லாம் இடது சுவரில் மாட்டினார். உன்னுடைய பச்சைக் கம்பளியும் அங்கேதான் தொங்குகிறது.

நான்காவது வாரம், அவர் வேலைக்குப் போயிருந்தபோது நான் தனியாக உள்ளே வந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஹார்னுக்கு முதுகைக் காட்டி, பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்டேன். அறையில் கோளாறு இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் இல்லையா? நான் திரும்பி உட்கார்ந்தால் அவள் என் வலது கைப் பக்கம் வர வேண்டும். வரவில்லை. இப்போதும் என் இடது கைப் பக்கம்தான் நின்றாள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளும் என்னோடு திரும்பினாள்.

கோளாறு அறையில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் கத்திப் பார்த்தேன்.

நேற்று ஞாயிறு. மாதம் ஒரு முறை அப்பாவும் அவர் சிநேகிதர்களும் ஒருவர் வீட்டில் கூடுவார்கள், எல்லா வீட்டிலும் ஒரே ரெக்கார்டைப் போட்டுக் கேட்பார்கள். இந்த மாதம் நம் வீடு. வந்தது இரண்டு பேர். ஒருவர் ஒயர் மாமா. பாட்டு நன்றாக இல்லையென்றால் ஒயரை மாற்று, நன்றாக இருந்தால் இன்னும் நல்ல ஒயரைப் போடு என்பார், ஒயர் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் பல்லு டாக்டர். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டார். ஹார்னின் வாயை ஈரத் துணியால் துடைத்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி.

ஒயர் மாமா முதலில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏம்பா, பாடுற அம்மா வலது பக்கத்துப் பொட்டி மேல ஏறி உக்காந்திருக்காங்களே. கால் வலிக்குதாமா?"

அப்பா சிரித்தார். "தள்ளு, டாக்டர் கேக்கட்டும்."

பல்லு டாக்டர் உட்கார்ந்தார். "எனக்கும் அப்படித்தாங்க இருக்கு. கடைவாய்ப் பல்லு ஓரம் ஒதுங்கிட்டாங்க."

"ரெண்டு பேரும் காதை வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா? இது எங்க பாம்புக்காது உக்காந்து வச்ச இடம்யா. அவ சொன்னா நூலு புடிச்ச மாதிரி இருக்கும்." அப்பா கதவுப் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். "வா, உக்காரு. இவங்களுக்குச் சொல்லு."

உட்கார்ந்தேன். இரண்டு நட்டும் என் காதோரம் தொங்கின. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அவள் பாடினாள். எனக்கு அவள் கிட்டத்தட்ட நடுவில்தான் இருந்தாள், அக்கா. ஐந்து வாரம் தள்ளித் தள்ளி என் கேட்காத காதுக்கு ஏற்ற மாதிரி அப்பா இந்த அறையையே வளைத்து வைத்திருந்தார்.

"சொல்லு பாம்பு. எங்க இருக்காங்க?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "நடுவுலதாம்பா" என்று வந்தது.

"கேட்டீங்கல்ல?" என்றார் அப்பா.

"பாப்பா சொன்னா அப்பீல் கிடையாது" என்றார் ஒயர் மாமா. "டாக்டர், வாங்க, நாம ரெண்டு கிழடும் போய்க் காதைக் கழுவிட்டு வரலாம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

அவர்கள் போன பிறகு அவர் தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். ஒரு காதை உள்ளங்கையால் மூடிக் கேட்டார். பிறகு மற்றக் காதை மூடிக் கேட்டார். நான் ஐந்து வாரமாகக் குளியலறையில் செய்கிற அதே காரியம்.

வெளியே வந்து கொத்தனாருக்குப் போன் போட்டார். "இடது சுவர்தான் திருடன். ரொம்ப மெலிசு. ரெண்டு பேருக்கு ஒண்ணு சொல்லுது, என் பொண்ணுக்கு ஒண்ணு சொல்லுது. உள்பக்கமா இன்னொரு சுவர் எழுப்பிடு. அந்தக் காத்துத் துளையையும் சேர்த்து அடைச்சிடலாம்."

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். "மூச்சு விடறதுக்காவது ஒரு ஓட்டை வைங்க."

"பாட்டு கேக்கும்போது யாரு மூச்சு விடறா?"

"நீங்க விடமாட்டீங்க. பொண்ணு விடுவா."

சாயங்காலமே செங்கல் வந்து இறங்கிவிட்டது. கதவுக்கு வெளியே என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் இப்போது உள்ளே வந்தேன். படுக்கை அறையில் விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள், இங்கேயிருந்து வெளிச்சம் கூட வெளியே போகாது. காலையில் துளையை மூடிவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை நான் மறுபடி உட்கார வேண்டும். மறுபடி அவள் இடது பக்கம் போவாள். அவர் அடுத்த சுவரைக் கட்டுவார். அறை சின்னதாகிக்கொண்டே வரும். நான் வாயைத் திறக்கிற வரை இது நிற்காது, ஆனால் திறந்தால் எனக்கும் அவருக்கும் நடுவே பேச என்ன இருக்கிறது? காது இல்லாத பாம்புக்காதை யார் கூப்பிடுவார்கள்?

நீ நர்ஸ். உனக்குத் தெரியும். ஐந்து வாரம் என்றால் ரொம்ப லேட்டா? பஞ்சு தானாகவே

அக்கா, இப்போது மணி மூன்று. மேலே பாதியில் நின்றதை அப்படியே விட்டுவிட்டேன். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எழுதிக்கொண்டிருந்தபோது, "பாம்பு" என்று ஒரு குரல். மெதுவாக. நான் உடனே இடது பக்கம் திரும்பினேன். அங்கே சுவர், உன் பச்சைக் கம்பளி, மேலே காற்றுத் துளை. வெளியே இருந்து துளை வழியாகக் கூப்பிடுகிறாரா என்று எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தேன்.

"இங்க."

இன்னும் கொஞ்சம் இடது பக்கமே திரும்பினேன். பின்சுவர். யாரும் இல்லை.

கதவு என் வலது பக்கம் இருக்கிறது, அக்கா. அப்பா கதவில்தான் நின்றிருந்தார்.

நான் முழுக்கச் சுற்றி அவரைப் பார்த்தபோது அவர் முகத்தில் தூக்கம் இல்லை. லிஃப்ட் நடுமாடியில் நின்றால் மோட்டாரைத் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பாரே, அந்தப் பார்வை. உள்ளே வந்தார். என்னைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பின்னால் போய் நின்றார். என் இடது காதோரம் விரல்களை லேசாக உரசினார். நான் திடுக்கிட்டேன். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் என் வலது காதுக்குப் பக்கத்தில் அவர் விரல்கள் உரசிக்கொண்டிருந்தன.

"எத்தனை நாளா?" என்று கேட்டார், என் முகத்துக்கு நேராகக் குனிந்து.

தரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வலது ஹார்னுக்குப் பின்னால் மஞ்சள் டேப் ஒன்றன் பின் ஒன்றாக, ஏணிப்படி மாதிரி. அவர் மண்டி போட்டு ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தார். கடைசி டேப்பில் விரல் நின்றுவிட்டது.

"அஞ்சு" என்றார். சத்தமே வெளியே வரவில்லை, உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அழுத அழுகையை எழுத முடியாது. மூச்சு விட முடியவில்லை. எழுந்து எங்கேயாவது ஓட வேண்டும் போல இருந்தது, செங்கலும் கதவும் கண்ணில் சுற்றின. அப்போது அவர் பேசினார். நம் வீட்டுக் குரலில் இல்லை, போன் குரலில்.

"நான் பேசறேன்மா. பயப்படாதே. காத்து வந்துகிட்டுதான் இருக்கு. கீழே உக்காரு. நான் வந்துட்டேன்."

தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கரகர சத்தம், தொண்டை, டொம். "ஃபியூஸைப் பையில போடலப்பா. மேலயே வச்சுட்டேன். சட்டையில பை இல்லப்பா."

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமையை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஃபியூஸைச் சொருகின கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளியில கிடக்கிற ஃபியூஸைப் பார்த்தா, இது யாரோடதுன்னு சத்தம் போட்டுக் கேக்கணும். கேக்காம கை வைக்கக் கூடாது. புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தனுக்கும் இதைத்தான் முதல்ல சொல்றேன்." அவர் குரல் போன் குரலிலிருந்து இறங்கிவிட்டது. "நீ பையில போடாதது தப்புதான். நான் கேக்காதது கொலை."

"அப்படிச் சொல்லாதீங்கப்பா."

"எனக்கும் மூணு வாரமா அந்தம்மா வலது பக்கம்தான் நின்னாங்க, தெரியுமா? எனக்கு இருந்த கொஞ்சநஞ்சக் காதும் கோணிப்போச்சுன்னு நெனச்சேன். சொன்னா நீங்கல்லாம் பயப்படுவீங்கன்னு சொல்லல. ரெண்டு பேரும் நல்லா மறைச்சிருக்கோம். இப்பவும் படுத்துத் தூக்கம் வரல, இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாம்னுதான் வந்தேன்."

"இனிமே நான் இதுல உக்கார முடியாதுல்ல?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. ஆனால் அதைத்தான் கேட்டேன்.

அவர் நாற்காலி மேல் ஏறினார். இரண்டு நூலையும் பிடித்து இழுத்தார், கூரையிலிருந்து ஆணியோடு வந்தது. நட்டு இரண்டையும் சட்டைப் பையில் போட்டார். போட்டவர் அந்தப் பையையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு அம்மாகிட்டச் சொல்லி உன் சட்டை எல்லாத்துலயும் பை வைக்கச் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார், அக்கா. நாற்காலி மேல் நின்றுகொண்டே.

பிறகு திடீரென்று ஞாபகம் வந்து கொத்தனாருக்குப் போன் போட்டார். இரண்டே கால் மணிக்கு. அவர் எடுத்த எடுப்பில், "யாருங்க போயிட்டாங்க?" என்று கத்தினது எனக்கே கேட்டது.

"யாரும் போகல. நாளைக்கு வர வேண்டாம்."

"செங்கல் இறக்கியாச்சே?"

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்யா. தூங்கு."

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உனக்கு ஆறு மணிக்கு டியூட்டி முடியும் இல்லையா? முடிந்ததும் இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கே போன் போடு. இப்போது போடலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் காது டாக்டர் எத்தனை மணிக்கு உட்காருவார், முன்னாடியே சீட்டு வாங்க வேண்டுமா என்று கேட்டுச் சொல். அப்பா ஐந்தரைக்கே கிளம்பத் தயார், ஸ்கூட்டருக்கு இப்போதே காற்று அடித்துக்கொண்டிருந்தார். லேட்டாகிவிட்டதா இல்லையா என்பதை என்னிடம் நேராகச் சொல். ஆறுதலுக்கு ஏதாவது சொல்லாதே, உன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவேன், ஒரு காது போதும் அதற்கு.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. யார் சொல்வது என்று எனக்கும் அவருக்கும் சண்டை. "நீ சொல்லு, உன்னை அடிக்க மாட்டா" என்கிறார். "உங்களையும் அடிக்க மாட்டாங்க, அந்த ஹார்னைத்தான் அடிப்பாங்க" என்றேன். "அதுக்குத்தான் பயப்படறேன்" என்றார்.

இரண்டு கதவையும் திறந்து, மூடாமல் இருக்கக் கதவுக்கு இரண்டு செங்கல் வைத்திருக்கிறார். இந்த அறைக்குள் வீட்டின் சத்தம் வருவது எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. ஃபிரிட்ஜ் ஓடுகிறது. அம்மா புரண்டு படுக்கிறாள், கட்டில் கிறீச்சிடுகிறது. எல்லாம் கதவு வழியாகத்தான் வர வேண்டும், கதவு என் வலது பக்கம். எனக்கு எல்லாமே இடது சுவர்ப் பக்கமிருந்துதான் வருகிறது. நாளைக்கு டாக்டர் என்ன சொன்னாலும் இன்றைக்கு இப்படித்தான்.

அப்பா தரையில் என் நாற்காலிக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். ஏதோ சொன்னார், நான் "என்னப்பா?" என்றேன். இன்னொரு தடவை சொல்லவில்லை. எழுந்து, நாற்காலியைச் சுற்றி வந்து, இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார்.